எலும்பில் பிறந்து தசைக்கு வந்த கட்டி

பிள்ளை காலை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "எங்கே போய் விழுந்தாய்?" என்று முதலில் அதட்டுகிறோம். பிறகு தைலத்தை எடுத்துத் தேய்க்கிறோம். இரண்டு நாளாகியும் வலி நிற்கவில்லை என்றால், சுளுக்கு வழிக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் எந்தத் தோட்டத்திலும் இருப்பார்; அவரிடம் அழைத்துப் போகிறோம். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடுகிறது. பிள்ளை மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறான். நாமும் மறந்துவிடுகிறோம்.

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு நோயைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அது எலும்பில் உண்டாகும் ஓர் அரிய புற்றுநோய். அது எலும்போடு நிற்காமல், மருத்துவர்களே அதிகம் எதிர்பார்க்காத ஓர் இடத்துக்கு, அதாவது தசைக்குள், எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்ப்போம்.

2014ஆம் ஆண்டில் நாம் பணிபுரிந்த தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த சமயம், வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலிக்கிறது என்று இரண்டு மூன்று முறை சொன்னான். "வளருகிற பிள்ளைக்கு வருகிற வலிதான். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடு" என்று பதில் கிடைத்தது. அப்படிச் சொன்னவர் வேறு யாரும் அல்லர்; நாமேதான்.

அவனுடைய தாயாரும் அப்படித்தான் நினைத்தார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வருகிற அம்மா, இரவில் மகனுக்குக் கால் பிடித்துவிடுவார். வலியோ பகலைவிட இரவில்தான் அதிகமாக வந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து அழுதான். ஒரு மாதம் இப்படியே சென்றது. சுளுக்கு வழிக்கும் பாட்டியிடம் அழைத்துப் போனார்கள். பாட்டி எண்ணெயைக் கையில் எடுத்துக்கொண்டு, காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெயைக் கீழே வைத்துவிட்டார். "இது சுளுக்கு இல்லை. தொட்டால் சூடாக இருக்கிறது. எலும்போடு எலும்பாக வீங்கியிருக்கிறது. நான் கை வைக்கமாட்டேன். டாக்டரிடம் காட்டு" என்று சொல்லிவிட்டார். பயிற்சிக் கல்லூரியில் படித்த நமக்குத் தோன்றாதது, பள்ளிக்கூடம் போகாத அந்தப் பாட்டிக்குத் தோன்றியது.

தோட்டத்து டிரசர் கடிதம் கொடுத்தார். மாவட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த மருத்துவர் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்து, கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, நோயின் பெயரைச் சொன்னார்கள். ஆஸ்டியோசர்கோமா என்பது அதன் பெயர்.

எலும்பு என்றால் கல்லைப்போல உயிரற்றது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படி இல்லை. எலும்புக்கும் உயிர் உண்டு. இரத்த ஓட்டம் உண்டு. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. பிள்ளைகள் உயரமாக வளரும்போது, நீண்ட எலும்புகளின் முனைகளில் இந்தக் கட்டும் வேலை மிக வேகமாக நடக்கும். கட்டும் அணுக்களில் சில கட்டுப்பாடு இழந்து, கணக்கு வழக்கில்லாமல் பெருகுவதுதான் ஆஸ்டியோசர்கோமா. பத்து வயது முதல் இருபது வயது வரை உள்ளவர்களுக்கே இது அதிகம் வருகிறது. முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளிலும், தோளை ஒட்டிய கை எலும்பிலும் பெரும்பாலும் தோன்றுகிறது.

நேயர்கள் பயப்பட வேண்டாம். இது மிக அரிய நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் வருகிறது. முழங்கால் வலி எல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. கீழே விழுந்ததாலும் வராது. ஆனால் விழுந்த பிறகு வலிக்கும்போதுதான் பலர் காலைக் கவனிக்கிறார்கள். அதனால் 'விழுந்ததுதான் காரணம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் கதையும் அப்படித்தான். 1976 நவம்பரில் அவர் ஓட்டிவந்த கார் விபத்துக்குள்ளாகி, வலது முழங்காலில் அடிபட்டது. வலி விட்டுவிட்டு வந்தது. விபத்தின் வலிதான் என்று எண்ணி, கூடைப்பந்து ஆடுவதை நிறுத்தாமல் இருந்தார். 1977 மார்ச்சில் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனபோது ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்தது. அவருக்கு வயது பதினெட்டு. காலை முழங்காலுக்கு மேலே அகற்றினார்கள். மருந்துச் சிகிச்சையில் புதிய முன்னேற்றம் வந்திருப்பதால் பிழைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு உண்டு என்றும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் அது பதினைந்தாகத்தான் இருந்திருக்கும் என்றும் அவரிடம் சொன்னார்கள். 1980 ஏப்ரல் 12ஆம் நாள், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக, ஒரு செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1ஆம் நாள் நெஞ்சு வலியும் இருமலும் அவரை நிறுத்திவிட்டன. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28ஆம் நாள் காலமானார். இருபத்து மூன்றாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

காலில் வந்த நோய் நுரையீரலுக்கு எப்படிப் போயிற்று? நம் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எந்தக் காட்டில் வெட்டிய குலையானாலும், லாரியில் ஏறினால் முதலில் ஆலைக்குத்தான் போகிறது. அதுபோலக் காலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்துக்கு வந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை, சல்லடை போன்றவை. கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் மிதந்து வரும் புற்றணுக்கள் அந்தச் சல்லடையில் சிக்கிக்கொள்கின்றன. ஆகையால் இந்த நோய் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்கே பரவுகிறது. அடுத்தபடியாக வேறு எலும்புகளுக்குப் பரவுகிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் அன்றே நூற்றில் பதினைந்து இருபது பேருக்கு இப்படிப் பரவியிருப்பது தெரியவருகிறது.

சல்லடையில் சிக்காமல் தப்பிய அணுக்களும் உண்டு. அவை இதயத்துக்குத் திரும்பி, உடலெங்கும் போகும் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அப்படியானால் அவை எல்லா உறுப்புகளிலும் கட்டியாக வளர வேண்டுமல்லவா? வளர்வதில்லை. ஏன் என்ற வினாவை 1889ஆம் ஆண்டிலேயே எழுப்பியவர் இலண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். நோய் கல்லீரலுக்கு அடிக்கடி பரவியிருந்தது. இரத்த ஓட்டம் நிறைந்த மண்ணீரலுக்கோ அரிதாகவே பரவியிருந்தது. புற்றணு விதை போன்றது, உறுப்பு மண் போன்றது, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட கருத்து. இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ரப்பர்க் காய் வெயிலில் வெடித்து விதை நாலா பக்கமும் தெறிப்பதைப் பார்த்தவர்கள் நாம். ஈர மண்ணில் விழுந்தது முளைக்கிறது. தார் ரோட்டில் விழுந்தது காய்ந்துபோகிறது.

நம் தசை, அதாவது சதை, புற்றணுவுக்கு ஏறக்குறைய அந்தத் தார் ரோடு போன்றது. உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தசைதான். உழைக்கும்போது இரத்தம் அதற்குள் வெள்ளமாகப் பாய்கிறது. இருந்தும் பிற இடத்துப் புற்றுநோய் தசையில் வந்து வளர்வது மிக அரிது. தசை ஓயாமல் சுருங்கி விரிவதால் வந்த அணு நசுங்கிப்போகிறது என்றும், இரத்த ஓட்டம் கூடிக் குறைந்துகொண்டே இருப்பதால் அதற்கு நிலைகொள்ள முடிவதில்லை என்றும், வேலை செய்யும் தசையில் ஊறும் லாக்டிக் அமிலம் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை என்றும் ஆராய்ச்சியாளர்கள் காரணம் கூறுகின்றனர்.

அரிது என்பதற்கு 'இல்லை' என்று பொருள் அல்ல. தார் ரோட்டின் வெடிப்பிலும் எப்போதாவது ஒரு செடி முளைத்துவிடுகிறது.

நம் மாணவனிடம் திரும்புவோம். அவனுக்கு அறுவைக்கு முன்னும் பின்னுமாகப் பல மாதங்கள் மருந்துச் சிகிச்சை கொடுத்தார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. நோயுற்ற எலும்புப் பகுதியை எடுத்துவிட்டு, உலோகத்தாலான செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். கால் தப்பியது. ஊன்றுகோலோடு இடைநிலைப் பள்ளிக்குப் போனான்.

மூன்று ஆண்டுகள் சென்றன. 2017இல் அவனுடைய இடது கெண்டைக்காலில் வலி கண்டது. நோய் வந்த வலது காலில் அல்ல, இடது காலில், அதுவும் எலும்பில் அல்ல, சதையில். தொட்டால் எலுமிச்சம்பழ அளவுக்குக் கெட்டியாக ஒரு கட்டி. லயத்தில் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். "வலது கால் சரியில்லை. பாரமெல்லாம் நல்ல காலில் விழுகிறது. சதை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வழித்துவிட்டால் போதும்." கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. நமக்கும் அப்படித்தான் தோன்றியது. இந்த முறை வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நாம் கற்றிருந்த பாடம்.

அவனுடைய தாயார் மட்டும் அதை ஏற்கவில்லை. "உடம்பில் எங்கே புதிதாகக் கட்டி வந்தாலும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எங்களிடம் காட்டாமல் எதுவும் செய்யாதீர்கள்" என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த அம்மா காத்திருக்கவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பேருந்து ஏறி, மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எக்ஸ்ரே படத்தில் கெண்டைக்கால் சதைக்கு நடுவே, எலும்பைத் தொடாமல், வெள்ளையாக ஒரு நிழல் தெரிந்தது. சதையில் வெள்ளை நிழலுக்கு என்ன வேலை? இந்தப் புற்றணுக்கள் எலும்பு கட்டும் அணுக்களின் வழிவந்தவை அல்லவா? போன இடத்திலும் பழைய தொழிலை அவை மறப்பதில்லை. தசைக்குள் உட்கார்ந்துகொண்டு அங்கேயும் அரைகுறையாக எலும்பைக் கட்டத் தொடங்கிவிடுகின்றன.

ஆனால் தசைக்குள் எலும்பு தெரிந்தாலே புற்றுநோய் என்று சொல்லிவிடவும் முடியாது. பலமான அடி பட்ட தசையில், சில வாரங்களில், தீங்கற்ற எலும்புத் திட்டு உண்டாவதும் உண்டு. இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். இது எது, அது எது என்று கையால் தொட்டுச் சொல்ல எவராலும் ஆகாது. துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். பரிசோதித்தார்கள். பழைய நோய்தான் தசைக்கு வந்திருந்தது. நெஞ்சையும் ஸ்கேன் செய்தார்கள். நுரையீரலில் எதுவும் தென்படவில்லை. கட்டியைச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து எடுத்துவிட்டு, மீண்டும் மருந்துச் சிகிச்சை கொடுத்தார்கள்.

நேயர்களே, உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவிவிட்டால் போராட்டம் கடினமாகிறது. ஆனால் பரவிய கட்டி ஓரிடத்தில் மட்டும், சிறியதாக, முழுவதும் எடுக்கக்கூடியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வாய்ப்பு கூடுகிறது. அந்த அம்மா விட்டுக்கொடுத்த ஒரு நாள் சம்பளம் அந்த வாய்ப்பைத்தான் வாங்கியது.

இனி, நம்மிடையே உலவும் சில தவறான எண்ணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 'உருவிவிட்டால் கட்டி கரையும்' என்பது. புற்றுக்கட்டி கரையாது. காரணம் தெரியாத வீக்கத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தேய்ப்பதில் கழியும் வாரங்கள் நோய்க்குக் கொடுக்கும் தவணை.

இரண்டாவது, 'கத்தி பட்டால் நோய் பரவிவிடும்' என்பது. இந்தப் பயத்தால் துணுக்கு எடுக்கவிடாமல் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்துவிடும் பெற்றோர் உண்டு. துணுக்கு எடுக்கும் பாதையையும் பிறகு கட்டியோடு சேர்த்தே அகற்றும்படி மருத்துவர்கள் முன்கூட்டித் திட்டமிடுகிறார்கள். அதனால்தான் அறுவை செய்யப்போகும் மருத்துவமனையிலேயே அந்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது நல்லது என்கிறார்கள்.

மூன்றாவது, 'இந்த நோய் வந்தால் பிழைக்க முடியாது' என்பது. 1970ஆம் ஆண்டுகளுக்கு முன்னால், காலை எடுத்த பிறகும் ஐந்து பேரில் நால்வர் பிழைக்கவில்லை என்பது உண்மை. இன்றைக்கு, பரவுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டு முழுச் சிகிச்சையும் பெறுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு நேர்த்திக்கடனை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வளருகிற பிள்ளைக்கு வரும் சாதாரண வலிக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. சாதாரண வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் மறைந்துவிடும். மறுநாள் பிள்ளை வழக்கம்போல ஓடி விளையாடும். ஆனால் வலி ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரம் நீடித்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வலிக்கும் இடத்தில் வீக்கமோ சூடோ தெரிந்தாலோ, பிள்ளை நொண்டத் தொடங்கினாலோ, சிறிதாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலோ தாமதிக்காதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். "எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, ஐயா?" என்று துணிந்து கேளுங்கள். கேட்பது தவறல்ல.

இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற பிள்ளை வீட்டில் இருந்தால், பரிசோதனை அட்டையை அடையாள அட்டையைப்போலப் பத்திரமாக வைத்திருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு சற்றுத் தள்ளித் தள்ளியும் பல ஆண்டுகளுக்கு வரச் சொல்வார்கள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று தவணையைத் தவறவிடாதீர்கள். இரண்டு தவணைகளுக்கு இடையே, காலிலோ கையிலோ முதுகிலோ, எலும்பிலோ சதையிலோ, புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் காத்திருக்கவும் வேண்டாம். காரணத்தை நாமே கண்டுபிடித்துச் சமாதானம் அடையவும் வேண்டாம். 'நல்ல காலில் பாரம் விழுந்தது' என்ற சமாதானம் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த மாணவன் இன்று இளைஞன். கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். நடக்கும்போது ஒரு பக்கம் சற்றுச் சாய்வான். 'குணமாகிவிட்டது' என்ற சொல்லை மருத்துவர் இன்னும் தயங்கித்தான் சொல்கிறாராம். 'அடுத்த முறை மறக்காமல் வா' என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறாராம். அவனும் மறப்பதில்லை. அவனுடைய தாயார் மறக்க விடுவதும் இல்லை.

நாமும் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். திடலில் ஒரு பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால், ஒரு சிறு குறிப்பேட்டில் பெயரையும் இடத்தையும் தேதியையும் எழுதி வைக்கிறோம். இரண்டு வாரம் கழித்தும் அதே பிள்ளை அதே இடத்தைத் தொட்டுக் காட்டினால், பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறோம். இதுவரை அப்படி அனுப்பிய எல்லாப் பிள்ளைகளும் ஒன்றும் இல்லை என்ற பதிலோடுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். வீணாக ஒரு நாள் போயிற்றே என்று சில பெற்றோருக்கு நம்மீது வருத்தமும் உண்டு. அந்த வருத்தத்தை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம்.